தினமும் நற்செய்தி வாசித்துச் சிந்திப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு திருப்பலியில் கேட்ட நற்செய்தி திங்கட்கிழமைக்குள் மறந்துபோகிறது. தினமும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் எந்தப் பகுதியை எடுப்பது, எவ்வளவு நேரம் உட்காருவது, வாசித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்கள் நிலை இதுவானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். "தினமும் விவிலியம் வாசியுங்கள்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். எங்கிருந்து, எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் தட்டுத் தடுமாறித்தான் இந்த வழக்கம் என்னிடம் நிலைத்தது. அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வாசக ஒழுங்கை வைத்தே எழுதுகிறேன். பிற திருச்சபைகளில் பல, 1992-இல் வெளிவந்த திருத்தப்பட்ட பொது வாசக அட்டவணையைப் பின்பற்றுகின்றன. உங்கள் சபை எதைப் பயன்படுத்துகிறது என்று உங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 3-ஆம் படியிலிருந்து சொல்பவை எல்லாருக்கும் பொருந்தும்.

1. இன்றைய வாசகம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் படும் வசனத்தை அன்றைய செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நமக்குப் பிடித்த பகுதிகளுக்கே திரும்பத் திரும்பப் போவதும் அதே போலத்தான். திருச்சபை தரும் அன்றைய வாசகத்தின் பெரிய நன்மையே அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்பதில் இருக்கிறது. மன்னிக்க மனமில்லாத நாளில் மன்னிப்பு பற்றிய பகுதி வந்து எதிரே நிற்கும்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வரும். முதலாம் ஆண்டில் (அ) மத்தேயு, இரண்டாம் ஆண்டில் (ஆ) மாற்கு, மூன்றாம் ஆண்டில் (இ) லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் அதிகம் வருவார். மாற்கு ஆண்டில் பொதுக்காலம் (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா ஆகிய சிறப்புக் காலங்களில் சேராத வாரங்கள்) 17 முதல் 21 வரையான ஐந்து ஞாயிறுகளில் யோவான் 6-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு: ஆண்டின் எண் 3-ஆல் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதலாம் ஆண்டு, 2027 இரண்டாம் ஆண்டு.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று: திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் திருவருகைக்கால முதல் ஞாயிறே அதன் தொடக்கம். ஆகவே 2026-க்கான சுழற்சி 2025 நவம்பர் 30 அன்றே தொடங்கிவிட்டது. டிசம்பரில் பழைய ஆண்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு "வாசகம் பொருந்தவில்லையே" என்று தவிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வாரநாள்களின் நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் ஒன்றேதான். பொதுக்காலத்தில் முதல் வாசகமும் பதிலுரைப் பாடலும் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கும் இரட்டைப்படை ஆண்டுக்கும் மாறும். பொதுக்காலத்தில் 1 முதல் 9 வரையான வாரங்கள் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. இந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்திருந்தாலே ஆண்டின் பெரும்பகுதிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது புரிந்துவிடும்.

வாசகக் குறிப்பைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். "லூக் 15: 1-3, 11-32" என்றால் நடுவில் 4 முதல் 10 வரையான வசனங்கள் விடப்பட்டுள்ளன என்று பொருள். "லூக் 1: 1-4; 4: 14-21" என்றால் அரைப்புள்ளிக்குப் பின் வருவது வேறொரு அதிகாரம். எண்ணுக்குப் பின்னால் அ, ஆ என்று எழுத்து இருந்தால் அந்த வசனத்தின் முதல் பகுதி அல்லது இரண்டாம் பகுதி மட்டும். விடப்பட்ட வசனங்களையும் வீட்டில் வாசித்துவிடுங்கள். மேலே சொன்ன லூக்கா 15-இல் காணாமற்போன ஆடும் நாணயமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

2. கையில் வேண்டியவையும் செலவும்

ஒரு விவிலியம், ஒரு திருவழிபாட்டு நாள்காட்டி, ஒரு நோட்டு, ஒரு பேனா. இவ்வளவுதான்.

விவிலியத்தில் அடிக்குறிப்பும் ஒத்த பகுதிகளின் எண்களும் இருக்க வேண்டும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கிறேன். திருப்பலியில் கேட்கும் சொற்களே உங்கள் கையிலும் இருக்கும். கத்தோலிக்கர் என்றால் 73 நூல்கள் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். 66 நூல்கள் கொண்ட பதிப்பில் சீராக், சாலமோனின் ஞானம், தோபித்து போன்ற நூல்கள் இருக்காது. முதல் வாசகம் அவற்றிலிருந்து வரும் நாளில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நாள்காட்டியைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றாட வாசகங்களை இலவசமாகத் தரும் செயலிகளும் தளங்களும் இருக்கின்றன. அவற்றிலிருந்து வாசகக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசிப்பதைத் தாளில் வாசியுங்கள் என்பது என் கருத்து. கைப்பேசியைத் திறந்தால் வாசகத்துக்கு முன்பே நான்கு செய்திகள் வந்து நிற்கும். கண்பார்வை காரணமாகவோ வேறு காரணத்தாலோ கைப்பேசிதான் வழி என்றால் இணையத் தொடர்பை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

விளக்கவுரை நூல்களையும் மறையுரைத் தொகுப்புகளையும் முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். பணம் வீணாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவை கையருகே இருந்தால் வாசகத்தை விட்டுவிட்டு விளக்கத்துக்குத் தாவத் தோன்றும்.

3. நேரத்தை முடிவு செய்யுங்கள்

தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது: முந்தைய இரவு படுக்கும் முன் 3 நிமிடம், காலையில் 15 நிமிடம், இரவு 5 நிமிடம்.

முந்தைய இரவில் மறுநாள் நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டு விளக்கை அணையுங்கள். சிந்திக்க முயல வேண்டாம். காலையில் அந்தப் பகுதி புதிதாக இருக்காது என்பதே இதன் பயன். ஞாயிறு வாசகத்துக்கு மட்டும் வியாழக்கிழமையே தொடங்குங்கள். மூன்று நாள் மனத்தில் ஊறிய பகுதியோடு திருப்பலிக்குப் போகும்போது மறையுரை வேறு மாதிரி காதில் விழுகிறது.

காலை நேரம் முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி செய்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு நண்பகலோ பயணநேரமோ ஏதாவது ஒன்று அமையும். நேரம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

4. மூன்று முறை வாசியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். துறவு மடங்களில் வளர்ந்த 'லெக்சியோ திவினா' என்னும் முறையில் வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவன்முன் அமைதியாக இருத்தல் என நான்கு நிலைகள் உண்டு. புதியவர்கள் முதல் நிலையையே அவசரமாகக் கடந்துவிடுகிறோம். தெரிந்த கதை என்று கண் ஓடிவிடுகிறது.

சிலுவை அடையாளம் வரைந்து, "தூய ஆவியே, வாரும்" என்று ஒரு வரி சொல்லித் தொடங்குங்கள். முதல் முறை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்: யார் யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார், யார் பேசவில்லை, எந்த இடம், என்ன மாறுகிறது. மூன்றாம் முறை மெதுவாக வாசித்து, எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். மீதியை முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு மாற்கு 2: 1-12 பாருங்கள். பொதுக்காலம் முதல் வார வெள்ளிக்கிழமை வரும் நற்செய்தி. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியவில்லை. கூரையைத் திறந்து படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு பாவங்களை மன்னிக்கிறார், குணமாக்குகிறார். தெரிந்த கதைதான். இப்போது இரண்டாம் வாசிப்பின் கேள்வியைக் கேளுங்கள்: இதில் யார் பேசுகிறார்?

முடக்குவாதமுற்றவர் கதை முழுவதும் ஒரு சொல் கூடப் பேசவில்லை. தூக்கி வந்த நால்வரும் பேசவில்லை. மறைநூல் அறிஞர்கள் தங்கள் உள்ளத்துக்குள் எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கடைசி வசனத்தில் மக்கள் வியந்து பேசும்வரை இயேசுவின் குரல் மட்டுமே கேட்கிறது. இனி 5-ஆம் வசனத்துக்குத் திரும்புங்கள். இயேசு கண்டது படுக்கையில் இருந்தவரின் நம்பிக்கையை மட்டும் அல்ல, 'அவர்களுடைய' நம்பிக்கையை. வாய் திறக்காத நால்வரின் நம்பிக்கை அவருக்கு எப்படித் தெரிந்தது? கூரை திறந்திருந்தது, அதனால் தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க இறையியல் பட்டம் தேவைப்படவில்லை, நிதானம் தேவைப்பட்டது. வேறொருவர் எழுதிய சிந்தனையை முதலில் வாசித்திருந்தால் அவர் கண்டதை மட்டுமே நாமும் கண்டிருப்போம். அதனால்தான் மீண்டும் சொல்கிறேன்: உங்கள் வாசிப்பு முடியும்வரை எந்த விளக்கத்தையும், எவ்வளவு நல்லதானாலும், திறக்காதீர்கள்.

5. ஒரு கேள்வி, ஒரு மன்றாட்டு

மனம் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்து நோட்டில் எழுதுங்கள். அது 'நான்' என்பதில் தொடங்கட்டும். மேலே பார்த்த பகுதியில், "என்னைச் சுமந்து வந்தவர்கள் யார்? நான் யாரைச் சுமக்கிறேன்?" என்பது என் கேள்வியாக இருக்கலாம். உங்களுக்கு வாசலை அடைத்து நின்ற கூட்டம் கண்ணில் பட்டிருக்கலாம்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. "இது என் அண்ணனுக்குச் சரியாகப் பொருந்தும்", "பங்குப் பேரவையில் இருப்பவர்கள் இதை வாசிக்க வேண்டும்" என்ற எண்ணம் வரும். கட்டாயம் வரும். வந்தால் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். அடுத்தவருக்காக வாசிக்கத் தொடங்கினால் அன்றைய நற்செய்தி உங்களைத் தொடாமலே போய்விடும்.

பிறகு அந்தக் கேள்வியை ஆண்டவரிடமே சொல்லுங்கள். அழகான சொற்கள் தேவையில்லை. கோபம் இருந்தால் கோபத்தைச் சொல்லுங்கள். திருப்பாடல்களை எழுதியவர்கள் அப்படித்தான் மன்றாடினார்கள். பேசி முடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். ஒன்றும் தோன்றாமல் போகலாம். அது தோல்வி அல்ல.

6. இன்று இரவுக்குள் முடியக்கூடிய ஒரு செயல்

2010-இல் வெளியான 'வெர்பும் தோமினி' என்ற திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இறைவார்த்தை வாசிப்பு செயலில் போய்ச் சேரும்வரை நிறைவடைவதில்லை என்று நினைவூட்டுகிறார். இந்தப் படியை விட்டுவிட்டால் நோட்டு நிறையும், வாழ்க்கை அப்படியே இருக்கும்.

"இனி அன்பாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள். அது செய்தோமா இல்லையா என்று சொல்ல முடியாத தீர்மானம். நல்ல செயலுக்கு மூன்று அடையாளங்கள்: ஒரு குறிப்பிட்ட ஆள் இருப்பார், இன்றே செய்ய முடியும், செய்தோமா என்று இரவில் ஆம் அல்லது இல்லை எனச் சொல்ல முடியும். "சிகிச்சைக்குத் தனியாகப் போய்வரும் அத்தையை மாலை 6 மணிக்கு அழைத்து, அடுத்த முறை நான் கூட வருகிறேன் என்று சொல்வேன்." இப்படி எழுதுங்கள்.

சில பகுதிகள் செயலை நேராகவே சொல்லிவிடும். மத்தேயு 5: 23-24 காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. அன்றைக்குச் செயலைத் தேட வேண்டியதில்லை, துணிவைத்தான் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மறு கன்னத்தைக் காட்டுவது, எழுபது தடவை ஏழு முறை மன்னிப்பது போன்ற பகுதிகளை வைத்து, அடி உதையையும் கொடுமையையும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். மன்னிப்பது வேறு, ஆபத்தில் தொடர்ந்து இருப்பது வேறு. அப்படிப்பட்ட நிலையில் இருந்தால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசி, முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள்.

7. இரவில் 5 நிமிடம்

காலையில் எழுதிய செயலுக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். செய்திருந்தால் நன்றி சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் எது தடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள், அதோடு விடுங்கள். அதே தடை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் ஒப்புரவு அருட்சாதனத்திலோ ஆன்ம வழிகாட்டியிடமோ சொல்ல வேண்டியது எது என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

8. புரியாத பகுதியும் வறண்ட பகுதியும்

டிசம்பர் 17 அன்று மத்தேயு 1: 1-17 வரும். பெயர்ப் பட்டியல். புதியவர்கள் பலர் அன்றைக்கு மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். ஆண்களின் பெயர்களுக்கு நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரின் கதையையும் பழைய ஏற்பாட்டில் தேடிப் பாருங்கள். மத்தேயு ஏன் அவர்களை விடாமல் சேர்த்தார் என்ற கேள்வியே அன்றைய தியானமாகிவிடும்.

பணம், அளவு, இடம் பற்றிய சொற்கள் வந்தால் அடிக்குறிப்பைப் பார்த்தே ஆக வேண்டும். மத்தேயு 18: 21-35-இல் ஒருவர் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறார், அவருக்கு இன்னொருவர் நூறு தெனாரியம் தர வேண்டும். தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி, எந்தப் பிறவியிலும் தீராது. இரண்டாவது மூன்று நான்கு மாத உழைப்பில் தீர்ந்துவிடும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன்" என்று இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கெஞ்சுகிறார்கள். உண்மையில் திருப்பித் தர முடிந்தவர் இரண்டாமவர் மட்டும்தான், சிறையில் அடைக்கப்பட்டவரும் அவரே. இந்தக் கணக்கு தெரியாமல் இந்த உவமையை வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

கடினமான சொற்கள் வரும்போது ஒத்த பகுதியை வைத்துப் பாருங்கள். தந்தை தாயைப் பற்றி லூக்கா 14: 26 சொல்வது அதிர்ச்சியாக இருந்தால் மத்தேயு 10: 37-ஐயும் திறந்துவையுங்கள். அப்படியும் புரியாதவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மாதம் ஒருமுறை அருட்தந்தையிடமோ விவிலியம் கற்றவரிடமோ கேளுங்கள். ஒவ்வொரு நாளும் விடை தேடி ஓடினால் 15 நிமிடம் இரண்டு மணி நேரமாகி, மறுநாள் வாசிக்கவே மனம் வராது.

9. சிந்தனையை மற்றவர்களோடு பகிர்வது

வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நற்செய்திச் சிந்தனை எழுதுபவர்களைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வரலாம். நல்ல ஆசைதான். முதல் மூன்று மாதம் பொறுங்கள். பகிரும் எண்ணம் வந்ததும் நமக்காக வாசிப்பது நின்று, நல்ல வாக்கியத்துக்காக வாசிக்கத் தொடங்குவோம்.

எழுதும்போது 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். வாசகக் குறிப்பு, நீங்கள் கண்ட ஒரு விஷயம், ஒரு கேள்வி, இரண்டு வரி மன்றாட்டு, இவை போதும். பிறர் உங்களிடம் நம்பிச் சொன்ன துன்பத்தைப் பெயரை மாற்றிக்கூட எடுத்துக்காட்டாக்காதீர்கள். சின்னக் குழுவில் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மற்றவரின் மறையுரையிலிருந்து எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். "ஆண்டவர் உங்களுக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்ற தொனி வேண்டவே வேண்டாம்.

10. நாள் விட்டுப்போனால், ஆண்டு முடிந்தால்

நாள்கள் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், வீட்டில் இழப்பு வரும், காரணமே இல்லாமலும் விடும். விட்டுப்போன வாசகங்களைச் சேர்த்து வைத்து முடிக்க முயலாதீர்கள். ஐந்து நாள் பாக்கி என்ற எண்ணமே ஆறாம் நாளையும் விடவைக்கிறது. இன்றைய தேதிக்கு வாருங்கள், இன்றைய நற்செய்தியைத் திறங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால், நாளை காலை. ஒரு நற்செய்தியைத் தொடக்கத்திலிருந்தே பிடிக்க விரும்பினால், ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்கு அடுத்து வரும் பொதுக்காலத் தொடக்கம் ஏற்றது. அப்போது மாற்கு முதல் அதிகாரத்திலிருந்து வரும்.

நோட்டில் ஒவ்வொரு நாளும் மேலே தேதியோடு வாசகக் குறிப்பையும் எழுதுங்கள், கீழே அரைப் பக்கம் வெறுமையாக விடுங்கள். வாரநாள் நற்செய்தி அடுத்த ஆண்டும் அதேதான் என்பதால் அந்த இடம் தேவைப்படும். தேடும்போது தேதியை வைத்துத் தேடாதீர்கள். உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தவக்காலமும் பொதுக்கால வாரங்களும் நகரும், சில ஆண்டுகளில் ஒரு வாரம் முழுவதுமாக விடுபடும். "பொதுக்காலம் 1-ஆம் வாரம், வெள்ளி" என்று எழுதி வைத்திருந்தால் உடனே கிடைக்கும். டிசம்பர் 17 முதல் 24 வரையான வாரநாள்களுக்குத் தேதியே போதும், அவற்றின் வாசகங்கள் தேதிக்குரியவை.